பாட்டைக் கேட்காத விளக்குகள்

உங்கள் வீட்டில் பிளஸ் டூ சயன்ஸ் குரூப் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். டிரான்சிஸ்டரின் பொது உமிழ்ப்பான் சிறப்பியல்புகள் என்று ஒரு சோதனை இருக்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட சர்க்யூட் படம், அட்டவணைகள், வளைந்து வளைந்து போகும் கிராஃப், ஓரத்தில் டீச்சரின் கையெழுத்து. பார்க்க அழகாகத்தான் இருக்கும். இப்போது பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்த டிரான்சிஸ்டரை வைத்து, பாட்டுக்குத் தகுந்தபடி மின்னுகிற ஒரு குட்டி விளக்கு செய்ய முடியுமா?"

முழிக்கும். அப்புறம், "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

பிள்ளை மேல் தப்பில்லை. பூட்டிய பீரோவில் இருந்து வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும் பெட்டி அது. நாலு பேருக்கு ஒரு பெட்டி. ஒருத்தன் குமிழைத் திருகுவான், ஒருத்தன் ரீடிங் சொல்வான், மற்ற இரண்டு பேர் எழுதிக்கொள்வார்கள். ரீடிங் சரியாக வராவிட்டால் சீனியர் நோட்டில் இருந்து வரும். டிரான்சிஸ்டர் என்பது தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், மூன்று கால் உள்ள கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும் என்பதே பல பேருக்குத் தெரியாமல் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது டெபிட்டும் கிரெடிட்டும்தான். எனக்கு டிரான்சிஸ்டர் பாடம் எடுத்தது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பையன். எடுத்த இடம், அரியலூர் பக்கத்தில் இருக்கிற கல்லங்குறிச்சி.

கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். மூலவர் ஒரு கல் கம்பம். விளைந்த தானியத்தையும் வளர்த்த மாட்டையும் கொண்டுவந்து காணிக்கை கொடுக்கிற விவசாயிகளின் பெருமாள். ராம நவமியை ஒட்டித் திருவிழா, தேர் என்று ஊர் களைகட்டும். அந்த மாதிரி ஒரு ராத்திரியில் மூங்கில் சட்டத்தில் கட்டிய மின்விளக்குத் தாமரை விரிவதையும் சுருங்குவதையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. தாமரையும் ஆடுகிறது. ஆனால் எங்கேயோ இடித்தது. தாளம் ஒரு பக்கம் போகிறது, தாமரை வேறு பக்கம் போகிறது.

செட் போட்ட பையனிடம் கேட்டேன். "தம்பி, இது பாட்டுக்கா ஆடுது?"

"இல்லண்ணே. இது செவிடு. கார்டுல புரோகிராம் ஏத்தி வருது. பாட்டு போட்டாலும் ஆடும், போடாட்டியும் ஆடும்."

சொல்லிவிட்டு சட்டைப் பையில் இருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தான். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., இரண்டு ரெசிஸ்டர். பழைய இயர்போன் வயர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் போனில் சொருகிப் பாட்டைப் போட்டான். எல்.இ.டி. அடிக்கு அடி துள்ளியது. "இது கேக்கும்ணே" என்றான்.

எப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "மோட்டார் கொட்டாயிலேருந்து வாய்க்கால் வருதில்லண்ணே, அதுல மடைப் பலகை இருக்கும். பலகைய லேசா தூக்குனா போதும், அவ்ளோ தண்ணியும் பாயும். பலகைய தூக்குறது பாட்டு. பாயுறது பேட்டரி கரண்ட்டு. நடுவுல இருக்கிற பலகைதான் இந்த மூணு கால்காரன்."

ரெக்கார்டு நோட்டில் பல பக்கம் எழுதியும் ஏறாத விஷயம் நாலு வரியில் ஏறிவிட்டது. புத்தகக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. போனில் இருந்து வரும் பாட்டு, மின்சாரமாகப் பார்த்தால் வெறும் அலை. அது சுமார் 0.6, 0.7 வோல்ட்டைத் தாண்டுகிற கணத்தில் டிரான்சிஸ்டரின் பேஸ் திறக்கும். கலெக்டர் வழியாகப் பேட்டரியின் கரண்ட் பாயும். எல்.இ.டி. எரியும். அலை இறங்கினால் அணையும்.

வீட்டில் செய்து பார்த்தேன். தவில் கச்சேரியைப் போட்டால் விளக்கு துள்ளுகிறது. பறை என்றால் கேட்கவே வேண்டாம். நாதஸ்வரம் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால் விளக்கும் எரிந்தபடியே நின்றுவிடுகிறது. அதற்கு ராகம் தெரியாது, சாகித்யம் தெரியாது. சத்தம் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் தெரியும். ராகத்தைப் பிரித்தறிய வேண்டாம், கனத்த ஒலியையும் கீச்சொலியையும் பிரித்துத் தனித்தனி நிறம் கொடுக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று கெபாசிட்டரைச் சேர்த்து வடிகட்ட வேண்டும். அங்கே அடுத்த பாடம் தொடங்குகிறது. பிள்ளை தானாகவே கேட்டு வரும் பாடம்.

இது ஏதோ செட்டுக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒலிக்கு ஏற்ற ஒளி என்பது பெரிய மண்டைகள் பலர் கண்ட கனவு. லூயி பெர்ட்ராண்ட் காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1725-லேயே, கட்டையை அழுத்தினால் நிறம் தெரியும் ஒரு வாத்தியத்தைப் பற்றி எழுதினார். ரஷ்ய இசை மேதை ஸ்க்ரியாபின் 1910-ல் முடித்த 'புரொமீதியஸ்' என்ற படைப்பில் நிற விளக்குக்கென்றே தனியாக இசைக் குறிப்பு எழுதிவைத்தார். 1915-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் அது நிற விளக்குகளோடு அரங்கேறியது. அவ்வளவு பெரிய சங்கதியின் குட்டிப் பேரன்தான் அந்த சோப்பு டப்பா.

சரி, என் சண்டைக்கு வருகிறேன்.

நம் ஊரில் கரண்ட்டை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு சாதி கரண்ட்டைப் பற்றி எழுதும், தொடாது. இன்னொரு சாதி தொடும், அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதுகிறவனுக்கு மார்க், கேம்பஸ் இன்டர்வியூ, கல்யாணச் சந்தையில் விலை. தொடுகிறவனுக்கு, "டேய் செட்டு, அந்த லைட்டை இந்தப் பக்கம் திருப்பு." முதல் வகை கையாலாகாமல் போகிறது. இரண்டாவது வகை செத்துப் போகிறது. மிகைப்படுத்தவில்லை.

2022 ஏப்ரல் 27. தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழா. மின்விளக்கு அலங்காரத்தோடு நள்ளிரவு தாண்டி வீதி வந்த தேர், திரும்புகிற இடத்தில் மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. விசாரணை, நிவாரணம், இரங்கல் எல்லாம் நடந்தது. ஆனால் அலங்காரம் கட்டுகிற, ஜெனரேட்டர் தள்ளுகிற, கம்பியைக் கழியால் தூக்கிவிடுகிற இளைஞர்களுக்கு மின்சாரத்தைப் பற்றி யார், எப்போது, எங்கே சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இந்தப் பாட்டு விளக்குக்கே ஆபத்தான ஓர் அண்ணன் உண்டு. 'சகலகலா வல்லவன்' வந்த 1982-ஐ ஒட்டிய வருஷங்களில் கல்யாண வீட்டு டிஸ்கோ லைட் நினைவிருக்கிறதா? கலர் பேப்பர் சுற்றிய பல்புகள் பாட்டுக்கு மின்னும். அது 230 வோல்ட் சமாச்சாரம். ஆம்ப்ளிஃபயரில் இருந்து வரும் பாட்டு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய், டிரையாக் என்ற சாமானைத் தட்டி எழுப்பும். அது பல்பை எரியவிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் வீட்டு லைன் கரண்ட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் பிரித்து வைக்கிற சுவர். காசு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தாலும் விளக்கு மின்னத்தான் செய்யும். ஆனால் இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகிய நாளில் ஆம்ப்ளிஃபயர் உடம்பிலும் மைக்கிலும் கரண்ட் நிற்கும். மைக்கைப் பிடிப்பவர் நாட்டாமையாக இருந்தாலும் சரி, ஒன்றாம் வகுப்புக் குழந்தையாக இருந்தாலும் சரி, அதற்கு வித்தியாசம் கிடையாது.

9 வோல்ட்டில் விளையாடிப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சுவர் எதற்கு என்று புரியும். ரெக்கார்டு எழுதிய பிள்ளைக்கும் புரியாது, ஒன்றுமே படிக்காத பிள்ளைக்கும் புரியாது. நான் கத்துவது இதற்குத்தான்.

"அரசாங்கம் சும்மா இல்லையே சார், அடல் டிங்கரிங் லேப் என்று பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் வரை கொடுக்கிறதே" என்பீர்கள். 2016-ல் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். நன்றாக நடத்துகிற பள்ளிகள் இருக்கின்றன. நான் போன ஒரு பள்ளியில் முப்பரிமாண பிரிண்டருக்கு வெல்வெட் துணி போர்த்தி, பொட்டு வைத்து, கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். "ரிப்பேர் ஆனா யார் சார் ஆடிட்டுக்குப் பதில் சொல்றது?" என்றார் பொறுப்பு ஆசிரியர். கையில் கொடுத்தால் கெட்டுப்போகும், பூட்டி வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். நானும் கணக்குப் படித்தவன், ஒரு கணக்குப் போடுகிறேன். சோப்பு டப்பா விளக்குக்கு ஆகிற செலவு தலைக்கு 50 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்தை 50-ஆல் வகுத்தால் 40,000 பிள்ளைகள். ஒவ்வொருத்தரும் தன் கையால் செய்த விளக்கை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். கெட்டுப்போனால் ஆடிட்டர் வரமாட்டார். பிள்ளைதான் உட்கார்ந்து, ஏன் எரியவில்லை என்று தேடும்.

அந்தத் தேடல்தான் படிப்பு. இயர்போன் வயரை நறுக்கினால் உள்ளே கலர் கலராக மயிரிழை மாதிரி கம்பி வரும். மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு. அதைச் சுரண்டாமல் எத்தனை தடவை முறுக்கினாலும் கரண்ட் போகாது. எந்த ரெக்கார்டு நோட்டிலும் இது கிடையாது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி அதைக் கண்டுபிடித்த பெண்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. சால்டரிங் அயர்ன் என்றால் பையனுக்கு, அயர்ன் பாக்ஸ் என்றால் பெண்ணுக்கு என்று இன்றைக்கும் பிரித்து வைத்திருக்கிற புண்ணியவான்கள் நாம்தானே?

"ரெடிமேடா இருநூறு முந்நூறு ரூபாய்க்கு வருதே, மைக் வைச்சதே வருதே" என்பது அடுத்த வாதம். வாங்குங்கள். யார் வேண்டாம் என்றது? தோசை ஓட்டலில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் யாரும் மாவு கரைக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று சொல்வீர்களா? இன்னொருவர் கேட்டார், "இதைச் செய்தா ஐ.ஐ.டி. சீட் கிடைக்குமா?" கிடைக்காது. கல்யாண வீட்டில் ஈரத் தரையில் கிடக்கிற ஒட்டுப்போட்ட வயரைப் பார்த்தவுடன், "யாரும் தொடாதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லத் தெரியும். போதாதா?

ஆகவே கல்வித்துறைக்கு ஒரு கோரிக்கை. அந்தச் சிறப்பியல்பு கிராஃப்போடு, அதே டிரான்சிஸ்டரில் ஒரு விளக்கை மின்ன வைத்துக் காட்டுவதையும் பிராக்டிகலில் சேருங்கள். நோட்டைத் திருத்த வேண்டாம், எரிகிறதா என்று பார்த்தால் போதும். கோயில் விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஒன்று. செட் போடுகிற பையன்களைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கூப்பிடாதீர்கள். அரசு நடத்துகிற மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, கையில் அனுபவம் உள்ளவர்களுக்கானது. அந்தப் பையன்களை எழுத வையுங்கள், கட்டணத்தை உபயதாரர் கணக்கில் எழுதுங்கள். செட்டுக்குக் கொடுக்கிற லைனில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தேர்த் தட்டில் வாழைமரம் கட்டியாச்சா என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பி.சி.547 என்று கேட்டால் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கொடுப்பார்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து 470 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால் கலெக்டருக்கு. எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு. இயர்போன் வயரில் இடது அல்லது வலது கம்பி 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு, பொதுக் கம்பி மைனஸுக்கு. இப்போது வருகிற பல போன்களில் இயர்போன் துளையே இல்லை, பரணில் கிடக்கிற பழைய போனோ எஃப்.எம். ரேடியோவோ போதும். வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள், பேட்டரியோடு நிறுத்துங்கள். எரியவில்லை என்றால் முதலில் வால்யூமைக் கூட்டுங்கள். அப்பவும் எரியவில்லை என்றால் வார்னிஷ் சுரண்டினீர்களா என்று பாருங்கள்.