டயர் தேய்ந்தால் காரையே மாற்றுவதா?

அமெரிக்காவில் நியூயார்க் நகரில், "நிண்டெண்டோ" என்ற ஜப்பானியக் கம்பெனியின் கடை இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கருகிப்போன சிறிய விளையாட்டுக் கருவி ஒன்று பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டு இருந்தது.

அதன் பெயர் "கேம் பாய்". வளைகுடாப் போருக்குச் சென்ற ஓர் அமெரிக்கப் படைவீரர் அதைத் தம்மோடு எடுத்துப் போனார். போர்க்களத்தில் அது தீயில் சிக்கியது. மேல் ஓடு உருகியது. நிறம் கருத்தது. ஆனாலும் மின்சாரம் கொடுத்ததும் அது வேலை செய்தது! கடைக்கு வந்தவர்கள், அதன் திரையில் "டெட்ரிஸ்" ஆட்டம் ஓடுவதைப் பார்த்து அதிசயித்தார்கள்.

நெருப்பில் வெந்தும் சாகாத கருவி அது. அதே கம்பெனி 2017-ம் ஆண்டில் வெளியிட்ட கருவியின் கதை என்ன?

குண்டு விழவில்லை. தீப்பிடிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளையாடினார்கள். அவ்வளவுதான். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுக்குள் ஏராளமான கருவிகள் கோளாறு ஆகிவிட்டன!

இதன் பேரில் அமெரிக்காவில் வழக்குகள் நடந்தன. ஐரோப்பாவில் புகார்கள் குவிந்தன. கம்பெனியின் தலைவரே வருத்தம் தெரிவித்தார்.

"விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தச் சிறு குச்சிக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்து இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஓர் உறுப்பு தேய்ந்தால், நஷ்டம் யாருடையது? செய்தவனுக்கா, வாங்கியவனுக்கா?

தொடாமலே நகரும்!

வீடியோ விளையாட்டுக் கருவியைப் பார்த்து இருப்பீர்கள். அதன் கைப்பிடியில், கட்டை விரலால் அசைப்பதற்கு ஒரு சிறிய குச்சி இருக்கும். அதுதான் "ஜாய்ஸ்டிக்". குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ, திரையில் தெரியும் வீரன் அந்தப் பக்கம் நடப்பான். விரலை எடுத்தால் குச்சி நிமிர்ந்துவிடும். வீரனும் நின்றுவிடுவான்.

கோளாறு வந்துவிட்டால், நீங்கள் விரலை எடுத்த பிறகும் அவன் நிற்க மாட்டான். தானாக ஒரு பக்கம் நடந்து போவான். பள்ளத்தில் விழுவான். எதிரியின் துப்பாக்கிக்கு எதிரே போய் நிற்பான்.

இந்தக் கோளாறுக்கு "டிரிப்ட்" என்று பெயர். துடுப்பு இல்லாத ஓடம் நீரோட்டத்தில் தானாக மிதந்து போகிறதே, அதைக் குறிக்கும் சொல் அது. பொருத்தமான பெயர்தான்.

நிண்டெண்டோவின் "ஸ்விட்ச்" கருவி 2017-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி விற்பனைக்கு வந்தது. இதுவரை 15 கோடிக்கு மேல் விற்று இருக்கிறது. வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 300 டாலராக இருந்தது. அதன் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும் கைப்பிடிகளுக்கு "ஜாய்-கான்" என்று பெயர். ஒரு ஜோடியைத் தனியாக வாங்கினால் அப்போது 80 டாலர். அதாவது, மொத்தக் கருவியின் விலையில் கால் பங்குக்கும் மேல்!

ரேடியோ குமிழின் தம்பி

குச்சி ஏன் பழுதாகிறது? இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் படித்து இருக்கவேண்டியது இல்லை. பழைய வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள்.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு குமிழ் உண்டு. சில வருஷம் போனால், குமிழைத் திருகும்போது "கர கர" என்று ஒலி வரும். காரணம் என்ன? குமிழுக்கு அடியில் கரி பூசிய ஒரு தடம் இருக்கிறது. அதன்மேல் ஓர் உலோக நாக்கு உராய்ந்தபடி நகருகிறது. உராய உராயக் கரி தேய்கிறது. தூசியும் சேருகிறது. மின்சாரம் ஒழுங்காகப் பாய்வது இல்லை.

விளையாட்டுக் கருவியின் குச்சிக்கு அடியிலும் இதே ஏற்பாடுதான்! அளவில் மட்டும் மிகச் சிறியது. இடம் வலம் அசைவுக்கு ஒரு கரித்தடம். மேல் கீழ் அசைவுக்கு இன்னொன்று. நாக்கு நிற்கும் இடத்துக்குத் தக்கபடி மின் அழுத்தம் மாறுகிறது. அழுத்தம் சரி பாதி இருந்தால், "குச்சி நடுவில் இருக்கிறது" என்று கருவி தெரிந்துகொள்கிறது.

தடம் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதி, பாதியாக இருப்பது இல்லை. கொஞ்சம் கூடும், அல்லது குறையும். "யாரோ குச்சியைச் சாய்க்கிறார்கள்" என்று கருவி ஏமாந்துபோகிறது. வீரன் நடக்கத் தொடங்குகிறான்.

இதற்கு ஒரு தற்காலிக மருந்து உண்டு. நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் ஏற்படும் அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும்படி கருவிக்குச் சொல்லி வைக்கலாம். வட்டத்தைப் பெரிதாக்கினால் கோளாறு வெளியே தெரியாது. ஆனால் நுட்பமான அசைவுகளும் போய்விடும். ஓட்டைப் பாத்திரத்துக்கு மெழுகு பூசுவது போன்ற வைத்தியம் இது.

417 மணி நேரம்

நிண்டெண்டோ மட்டும் இந்த வம்பில் சிக்கவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியின் விலை உயர்ந்த "எலைட்" கைப்பிடி பற்றி 2020-ம் ஆண்டிலும், சோனியின் "பிளேஸ்டேஷன் 5" கைப்பிடி பற்றி 2021-ம் ஆண்டிலும் அமெரிக்கக் கோர்ட்டுகளில் வழக்குப் போட்டார்கள்.

"ஐபிக்ஸிட்" என்பது பொருள்களைப் பிரித்துப் பார்த்து ரிப்பேர் முறையைச் சொல்லித்தரும் அமெரிக்க நிறுவனம். அது 2021-ம் ஆண்டில் சோனியின் கைப்பிடியைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்த குச்சி, ஜப்பானின் "ஆல்ப்ஸ்" கம்பெனி செய்தது. அந்தக் கரித்தடம் 20 லட்சம் சுழற்சிகள் வரை தாங்கும் என்று, செய்தவர்களே குறித்து வைத்து இருந்தார்கள்.

20 லட்சம் என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் விரல் ஒரு விநாடிகூடச் சும்மா இருப்பது இல்லை. அந்த நிறுவனம் கணக்குப் போட்டது. அத்தகைய ஆட்டத்தை 417 மணி நேரம் ஆடினால் குச்சியின் ஆயுள் முடிந்துவிடலாம் என்று தெரிந்தது. தினம் 2 மணி நேரம் ஆடுகிறவனுக்கு, ஏழு மாதம்!

ஆக, குச்சி தேயும் என்பது செய்தவர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல. எப்போது தேயும் என்பதுகூட எழுத்திலேயே இருந்தது.

பழைய பாடம்

குச்சியால் தொல்லை வருவது இது முதல் தடவை அல்ல. 1996-ம் ஆண்டில் வந்த "நிண்டெண்டோ 64" கருவியின் குச்சியும் தேய்ந்து தளர்ந்து போவதற்குப் பெயர் பெற்றது. உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராய்ந்து மாவாகக் கொட்டும்.

அந்தக் கருவிக்கு "மரியோ பார்ட்டி" என்று ஓர் ஆட்டம் வந்தது. அதில் சில கட்டங்களில் குச்சியை வேக வேகமாகச் சுழற்ற வேண்டும். பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினார்கள். கை கொப்பளித்தது! நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டார். 2000-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. கேட்கிற குடும்பங்களுக்குக் கையுறை கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது. குச்சியைக் காப்பாற்ற அல்ல, குச்சியிடம் இருந்து கையைக் காப்பாற்ற!

தேயாத குச்சி செய்ய முடியாதா? முடியும். 1879-ம் ஆண்டிலேயே எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தம் வந்தால், தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின் அழுத்தம் தோன்றும். குச்சியின் அடியில் ஒரு காந்தத்தை வைத்தால், தொடாமலே அதன் நிலையை அறியலாம். உராய்வு இல்லை, ஆகவே அந்த இடத்தில் தேய்மானமும் இல்லை.

"செகா" என்ற ஜப்பானியக் கம்பெனி 1998-ம் ஆண்டில் வெளியிட்ட "ட்ரீம்காஸ்ட்" கருவியில் இந்தக் காந்த முறைதான் இருந்தது. இன்று பல சிறு கம்பெனிகள் இதே முறையில் கைப்பிடி செய்து, பெரிய கம்பெனிகளைவிட மலிவாக விற்கின்றன.

காந்தக் குச்சியிலும் குறை இல்லாமல் இல்லை. சுருள்வில் தளரலாம். நடு நிலையை அவ்வப்போது திருத்திக் கொடுக்கவேண்டி வரலாம். ஆனாலும் கரி தேய்ந்து வரும் கோளாறு அதற்கு வராது.

அமெரிக்காவில் அடைத்த கதவு

2019-ம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கோர்ட்டு ஒன்றில் நிண்டெண்டோ மீது வழக்குத் தொடர்ந்தார்கள். இனிமேல் ஜாய்-கான் கோளாறைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கக் கம்பெனி தன் சிப்பந்திகளுக்கு உத்தரவிட்டு இருப்பதாக அதே மாதம் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

ஆனால் வழக்கு என்ன ஆயிற்று? கருவியை முதல்முதல் ஓட்டும்போது திரையில் நீண்ட ஒப்பந்தம் ஒன்று தோன்றும். "சம்மதம்" என்று அழுத்தினால்தான் ஆட்டம் ஆடலாம். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம் போவதாக அதில் ஒரு ஷரத்து உண்டு. அந்த ஷரத்தைக் காட்டிக் கம்பெனி வாதாடியது. 2020-ம் ஆண்டில் கோர்ட்டு, விஷயத்தை மத்தியஸ்தத்துக்கு அனுப்பிவிட்டது.

இன்னொரு வழக்கில், "ஆடுகிறவர்கள் குழந்தைகள், ஒப்பந்தம் அவர்களைக் கட்டுப்படுத்தாது" என்று வாதாடிப் பார்த்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

80 டாலர் பொருளுக்காக எந்தத் தகப்பன் தனியாக வக்கீல் வைத்து மத்தியஸ்தம் நடத்துவான்? பலர் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட வழக்கு நடக்கும். அந்தச் சேர்க்கையைத்தான் ஷரத்து உடைத்துவிட்டது.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், கம்பெனியின் தலைவர் ஷுன்டாரோ புருகாவா, பங்குதாரர்கள் கூட்டத்தில் வாடிக்கைக்காரர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேச முடியாது என்று நிறுத்திக்கொண்டார்.

ஐரோப்பாவில் திறந்தது

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. பிரான்சில் 2015-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். சீக்கிரம் பழுதாகும்படி வேண்டும் என்றே ஒரு பொருளைச் செய்தால், அது கிரிமினல் குற்றம். 2 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம்! அந்தச் சட்டத்தைக் காட்டி, பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் ஒன்று 2020-ம் ஆண்டில் புகார் கொடுத்தது.

2021-ம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு களத்தில் இறங்கியது. சுமார் 25 ஆயிரம் பேர் புகார் எழுதி இருந்தார்கள். அவர்களில் 100-க்கு 88 பேரின் கைப்பிடி, வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் கெட்டுவிட்டது.

பலன் கிடைத்தது. 2023-ம் ஆண்டில், உத்தரவாத காலம் முடிந்திருந்தாலும் ஐரோப்பாவில் இந்தக் கோளாறை இலவசமாகவே சரிசெய்து தருவதாக நிண்டெண்டோ ஒப்புக்கொண்டது. தனித் தனியே நின்றவர்களுக்கு ஒரு நியாயம். கூடி நின்றவர்களுக்கு ஒரு நியாயம்!

டயர் உதாரணம்

கம்பெனி தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? 2021-ம் ஆண்டில், நிண்டெண்டோவின் கருவி வடிவமைப்புப் பகுதியைச் சேர்ந்த கோ ஷியோட்டா, பேட்டி ஒன்றில் விளக்கம் சொன்னார். கார் ஓடினால் டயர் தரையில் உராய்ந்து தேய்கிறது. அதுபோலத்தான் குச்சியும் என்பது அவர் கொடுத்த உதாரணம். உறுதியைப் பெருக்கத் தொடர்ந்து பாடுபடுகிறோம் என்றும் அவர் சொன்னார்.

நியாயமான பேச்சுத்தான். தேயாத பொருள் உலகத்தில் ஏது? அம்மியும் தேய்கிறது. ஆனால் அம்மி தேய்ந்தால் அதைத் தெருவிலா எறிகிறோம்? கொத்துகிறவரைக் கூப்பிடுகிறோம்.

டயர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். டயர் தேய்ந்தால் நாலு திருகாணியைக் கழற்றி வேறு டயர் மாட்டலாம். எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜாய்-கானில் அப்படியா? சாதாரணத் திருப்புளி அதில் நுழையாது. திறந்தால், நூல் போன்ற இணைப்புகளைக் கழற்ற வேண்டும். மலிவான "ஸ்விட்ச் லைட்" கருவியில் இன்னும் கஷ்டம். அதில் குச்சி, கருவியோடு சேர்ந்தே இருக்கிறது. குச்சி கெட்டால் முழுக் கருவியையும் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

செய்ய முடியாத காரியமும் அல்ல. சோனி 2023-ம் ஆண்டில் ஒரு கைப்பிடி வெளியிட்டது. அதில் தேய்ந்த குச்சியைக் கையாலேயே கழற்றி, 20 டாலர் கொடுத்து வேறு வாங்கி மாட்டலாம். ஆனால் அந்தக் கைப்பிடியின் விலை 200 டாலர்! மாற்றும் வசதி, பணம் உள்ளவர்களுக்கு மட்டும்.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு

பொருள்களைச் சொந்தமாக ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக அமெரிக்க மாநிலங்கள் சில சட்டம் செய்து இருக்கின்றன. கலிபோர்னியா, மின்னசோட்டா இரண்டிலும் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. ரிப்பேருக்கு வேண்டிய உறுப்புகளையும் விவரங்களையும் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் இரண்டு சட்டத்திலும் வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கு விதிவிலக்கு! உள்ளே கையை வைக்கவிட்டால் திருட்டுப் பிரதி பெருகும் என்பது விளையாட்டுத் தொழில்காரர்களின் வாதம். கரித்தடம் தேய்ந்த குச்சியை மாற்றுவதற்கும் திருட்டுப் பிரதிக்கும் என்ன சம்பந்தம்?

2025-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி "ஸ்விட்ச் 2" வெளிவந்தது. குச்சியை அடியோடு புதிதாக வடிவமைத்து இருப்பதாகவும், ஆனால் அது காந்த முறை அல்ல என்றும் கம்பெனி தெரிவித்தது. ஐபிக்ஸிட் அதையும் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது அதே உராயும் முறை. ரிப்பேர் செய்யும் வசதிக்கு அது கொடுத்த மார்க்கு 10-க்கு 3.

புதுக் குச்சி அதிக நாள் தாங்கலாம். தாங்கட்டும். ஆனால் தாங்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இன்னும் கருவிக்குள் வரவில்லை.

பிள்ளைகளுக்குக் கருவி வாங்கப் போகிறவர்கள், திரை எவ்வளவு பெரிது, படம் எவ்வளவு தெளிவு என்றுதான் விசாரிக்கிறார்கள். இனிமேல் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும். "குச்சி உராயும் வகையா, காந்த வகையா? தேய்ந்தால் குச்சியை மட்டும் மாற்ற முடியுமா?"

கடைக்காரருக்கு முதலில் பதில் தெரியாது. நாலு பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். நாலாயிரம் பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும். ஐரோப்பாவில் 25 ஆயிரம் பேர் கேட்டார்கள். இலவச ரிப்பேர் கிடைத்தது.