திரும்பி வரும் வேகனில் என்ன இருக்கும்?

கினி நாட்டின் சிமாண்டு மலைத்தொடரில் வெட்டிய இரும்புத் தாது 2025 இறுதியில் முதன்முறையாகக் கப்பலேறியது. ரியோ டின்டோ அங்கே ஆய்வு உரிமம் பெற்றது 1997-இல். 65 சதவீதம் இரும்பு உள்ள தாது இத்தனை காலம் மலையிலேயே கிடந்ததற்கு உரிமச் சண்டைகளும் ஆட்சிக் கவிழ்ப்பும் காரணம் என்பார்கள். அவற்றுக்கு ஈடான காரணம், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த 600 கிலோமீட்டர்.

லைபீரியா வழியே போனால் தூரம் குறைவு. தன் மண்ணைவிட்டுப் பாதை வெளியே போகக் கூடாது என்றது கினி அரசு. சுரங்கப் பகுதிகளோ இரண்டு கூட்டமைப்புகளின் கையில். 2022-இல் அரசு வேலையையே நிறுத்திவைத்து, இருவரையும் ஒரே ரயில் பாதைக்குச் சம்மதிக்க வைத்தது. 15 சதவீதப் பங்கையும் வாங்கிக்கொண்டது. முரட்டு வழிதான். ஆனால், ஒரே மலைக்கு இரண்டு தண்டவாளம் போடும் அபத்தம் தவிர்ந்தது.

இலக்கு, ஆண்டுக்கு 12 கோடி டன். நம் ரயில்வேயின் 58 வேகன் சரக்கு வண்டியில், அதாவது ஒரு ரேக்கில், சுமார் 4,000 டன் ஏறும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 80 ரேக்குகளுக்கு மேல் வரும். அங்கே ஓடுவது இன்னும் நீண்ட வண்டிகள் என்பதால் எண்ணிக்கை குறையும். ஆனால் போகிற ஒவ்வொன்றும் காலியாகத்தானே திரும்ப வேண்டும்?

ஒரே சரக்கை, ஒரே திசையில் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர்த் துறைமுகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பெல்லாரி-ஹொசபேட்டை தாதுவை நம்பி அங்கே தனி முனையம் கட்டினார்கள். 2010 ஜூலையில் கர்நாடகம் தாது ஏற்றுமதியைத் தடுத்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்க வேலையையே நிறுத்தியது. முனையத்துக்குத் தாது வரவில்லை. பிறகு அதை நிலக்கரிக்கு மாற்றினார்கள். சொல்வது சுலபம். தாதுத் தளத்தில் சரக்கு, வேகனைக் கவிழ்க்கும் டிப்ளரில் கொட்டப்பட்டு, கன்வேயரில் ஏறி, ஷிப் லோடர் வழியே கப்பலுக்குள் விழும். இறக்குமதி நிலக்கரிக்கு எல்லாம் தலைகீழ்: கப்பலிலிருந்து அள்ளும் எந்திரம் வேண்டும், வேகனில் நிரப்பும் அமைப்பு வேண்டும். தளமும் ஆழமும் யார்டும் கைகொடுக்கும். ஷிப் லோடரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது சிமாண்டு தாது கப்பலேறும் மொரேபயா துறைமுகத்தைப் பாருங்கள். ஆழமில்லாத முகத்துவாரம் என்பதால், தாதுவைச் சிறிய கலங்களில் ஏற்றி, நடுக்கடலில் பெரிய கப்பலுக்கு மாற்றுகிறார்கள். சிமாண்டு பாதையில் பயணிகளும் பொதுச் சரக்கும் போகும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அதை நம்புவதற்கு முன் நாம் பார்க்க வேண்டியது கால அட்டவணையை. நடுவழி நிலையங்களில் வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன் எத்தனை, தாது வண்டிக்கு ஒதுங்கிய பயணி வண்டி எத்தனை மணி நேரம் நிற்கும், அரிசியும் சிமெண்டும் இறக்கத் துறைமுகத்தில் தனித் தளம் உண்டா? திட்டமிடுகிறவர் மேசையில் இவற்றுக்கு ஆகும் செலவு சில கோடுகள். பாதை முழுக்கத் தாது வண்டிகளால் நிறைந்த பிறகு, ஒரு லூப் சேர்ப்பதற்கே, வண்டிகளை நிறுத்திவைக்கும் பிளாக் கேட்டு இரண்டு சுரங்க முதலாளிகளிடமும் கெஞ்ச வேண்டியிருக்கும்.