எல்லையில் நிற்கும் புகார்

வீட்டில் திருடன் புகுந்தால் போவது வீட்டுக்காரரின் பொருள். மின்னஞ்சல் கணக்கில் திருடன் புகுந்தாலோ, போவது அந்தக் கணக்குக்கு உரியவரை நம்பியிருப்பவர்களின் பொருள். "வந்த இடத்தில் பணப்பை தொலைந்துவிட்டது. இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள். ஊர் திரும்பியதும் தந்துவிடுகிறேன்" என்று நண்பரின் சொந்த முகவரியிலிருந்தே கடிதம் வந்தால் யார்தான் ஐயப்படுவார்கள்? பல ஆண்டுகளாக உலகெங்கும் நடந்துவரும் இந்த மோசடி இன்னும் ஓயாததற்குக் காரணம் மக்களின் அறியாமை மட்டுமல்ல. இந்தக் குற்றத்தைத் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ள எவரும் முன்வராததும்தான்.

கஞ்சிக்கோட்டை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார் செல்லும் வழியில் உள்ள இந்த ஊர் கேரளத்தின் முக்கியமான தொழிற்பேட்டைகளுள் ஒன்று. பொதுத்துறையின் ஐடிஐ தொழிற்சாலையும், ஏராளமான சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களும், 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐஐடியும் இங்கே இருக்கின்றன. தமிழகத்திலிருந்து எல்லை கடந்து வேலைக்கு வருவதும், இங்கே தயாராகும் பொருள் கோவைக்குப் போவதும் அன்றாட நிகழ்வுகள். ஊழியர்களின் உறவினர்களும், தொழிற்கூடங்களின் வாடிக்கையாளர்களும் இரு மாநிலங்களிலும் பரவியிருக்கிறார்கள்.

கோவையில் குடியிருந்து கஞ்சிக்கோட்டில் பணிபுரியும் ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கு களவாடப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் போன கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பியவர் திருச்சியில் இருக்கிறார். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு வடமாநிலம் ஒன்றில் இருக்கிறது. கடிதம் அனுப்பியவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே தெரியாது. இவர் புகார் கொடுக்க வேண்டியது பாலக்காட்டிலா, கோவையிலா? பணத்தை இழந்தவர்தான் வர வேண்டும் என்று ஓரிடத்திலும், குற்றம் எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று இன்னோரிடத்திலும் கைவிரிக்கப்பட்டால், கணக்கைப் பறிகொடுத்தவர் நண்பர்கள் முன்னால் ஏறத்தாழக் குற்றவாளியாகவே நிற்க நேரிடுகிறது.

இதற்குச் சட்டத்தில் குறையொன்றும் இல்லை. பிறருடைய கடவுச்சொல்லைக் களவாடிப் பயன்படுத்துவோருக்கும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இடமளிக்கின்றன. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவுகள் 2009 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவோ, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆகவே, "இது எங்கள் எல்லை அல்ல" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. வழக்கத்தில்தான் இடம் இருக்கிறது.

இது சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துபோகும் சிறு திருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 2015-இல், நாப்தா விற்ற வகையில் ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு வர வேண்டிய 197 கோடி ரூபாய் மோசடிப் பேர்வழிகளின் கணக்குக்குத் திருப்பி விடப்பட்டதாக மும்பை காவல்துறையில் புகார் பதிவானது. பெயரில் இரண்டு எழுத்துகளை மட்டும் இடம் மாற்றி அமைத்த போலி முகவரியிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு கடிதம். அவ்வளவே போதுமானதாக இருந்தது. லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் போலிக் கடிதங்களையும் விலைப் பட்டியல்களையும் அனுப்பியே கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தும் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இணையத்தையே ஆளும் நிறுவனங்களின் கதி இதுவென்றால், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் கஞ்சிக்கோட்டுப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? ஒரே ஒரு போலிக் கடிதத்தால் அவருக்கு வர வேண்டிய ஒரு மாதப் பணம் திசைமாறினால் கூலி கொடுக்க வழியில்லாமல் போகும்.

நிவாரணம் பெறுவதற்குச் சட்டம் காட்டும் இன்னொரு வழியைப் பலரும் அறிந்திருப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத்துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து, ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கலாம். போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்த வெளிநாடு வாழ் தமிழர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஐசிஐசிஐ வங்கிக்கு 2010 ஏப்ரலில் உத்தரவிட்டவர் தமிழகத்தின் தீர்ப்பு அதிகாரிதான். நாட்டுக்கே முன்னோடியாக அமைந்த உத்தரவு அது. ஆனால், இத்தகைய உத்தரவுகளின் மீதான மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் பதவி 2011-இல் காலியானது. 2017-இல் அந்தத் தீர்ப்பாயம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்படும் வரை அந்த நாற்காலி நிரப்பப்படவே இல்லை. தில்லியின் அக்கறைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இணையவழி நிதி மோசடிகளில் 2024-இல் மட்டும் மக்கள் 22,845 கோடி ரூபாயை இழந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகமே தெரிவித்திருக்கிறது. 2023-இல் இது 7,465 கோடி ரூபாயாக இருந்தது. ஒரே ஆண்டில் மும்மடங்கு! அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1930 என்ற உதவி எண்ணில் உடனே தெரிவித்தால், போன பணத்தை வழியிலேயே முடக்க ஓரளவு முடிகிறது. ஆனால், அந்த ஏற்பாடு பணத்தை மடக்குவதற்கானது. கணக்கு களவுபோய், யாரும் இன்னும் ஏமாறாத நிலையில் உள்ளவருக்கு அதே வேகத்தில் உதவ எந்த ஏற்பாடும் இல்லை. வெள்ளம் வந்த பிறகு மணல் மூட்டை தேடுகிறோமே தவிர, உடைப்பை அடைப்பதற்கு ஆளில்லை.

மின்னஞ்சல் சேவை நிறுவனங்களின் போக்கும் இதே ரகம்தான். புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாள்களில் தீர்வு என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. திருடனுக்குத் தேவைப்படுவது சில நிமிடங்கள். அவனைத் தடுக்க வேண்டியவர்களுக்கோ நாள் கணக்கில் அவகாசம்! கணக்கைப் பறிகொடுத்தவர் ஓர் இயந்திரத்தின் கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கணக்கு களவுபோய்விட்டது என்று புகார் வந்த சில மணி நேரத்துக்குள் அதிலிருந்து கடிதம் போவதை நிறுத்திவைக்கவும், தமிழும் மலையாளமும் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மனிதரோடு பேசி முறையிடவும் இந்த நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

வங்கிகளும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு அவருடைய பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. நண்பர் பெயரில் வந்த கடிதத்தை நம்பித் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கு அது துணைநிற்காது. பிரிட்டனில் இவ்வாறு ஏமாந்தவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு செய்ய வேண்டும், அந்தச் சுமையைப் பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கியும் பொறுப்பேற்க வேண்டும் என்ற அந்த நியாயம் இங்கும் பொருந்தும். பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பரிமாற்றங்களில் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது நல்ல தொடக்கம். அது இருப்பதே பலருக்குத் தெரியாத நிலையில், வங்கிகள் அதைத் தாமாகவே வாடிக்கையாளரின் கண்முன் வைக்க வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. கணக்கு களவுபோனது தெரிந்ததும் பாதுகாப்பான வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி திருடன் ஏதும் அமைத்திருக்கிறானா, மீட்பு எண்ணை மாற்றியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பைச் செயல்படுத்த வேண்டும். நண்பர்களுக்கு அதே மின்னஞ்சல் வழியாக அல்ல, தொலைபேசியில் எச்சரிக்கை செய்ய வேண்டும். மோசடிக் கடிதங்களை அழிக்காமல் சான்றாக வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விடுத்து, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்தக் கணமே 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஆனால், குடிமக்களின் எச்சரிக்கை ஒருபோதும் அரசின் கடமைக்கு மாற்றாகிவிடாது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று தில்லியும், குற்றவாளி வெளிமாநிலத்தில் இருக்கிறான் என்று மாநிலங்களும் சொல்லிக்கொண்டிருக்கும் வரை ஆதாயம் மோசடிக்காரர்களுக்கே. கேரளமும் தமிழகமும் எல்லையோர மாவட்டங்களில் கூட்டாகப் புகார்களைப் பதிந்து விசாரிக்கும் ஏற்பாட்டை உடனே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த 2017-இல் வாளையாரின் வணிகவரிச் சோதனைச்சாவடி தன் வேலையை இழந்தது. சரக்குக்கு இல்லாமல் போன எல்லை, திருட்டுப் பணத்துக்கு என்றுமே இல்லாத எல்லை, ஏமாந்தவரின் புகாருக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?