இரவற் கண்ணால் எத்துணை நாள் பார்ப்பது?

“இலக்கியத்திற்குத் தமிழ் போதும், அறிவியலுக்கும் பொருளியலுக்கும் ஆங்கிலமே வேண்டும்.” இவ்வாறு பேசுவோர் தமிழ்நாட்டில் இன்று தெருவுக்குப் பத்துப்பேர் உளர். படியாதவர் சொன்னாற் பொறுத்துக்கொள்ளலாம். படித்தவரும், பயிற்றுவோரும், தமிழாற் பிழைப்போருமே இதனைச் சொல்கின்றனர். தமிழைத் தாழ்த்துவதாக அவர்கள் எண்ணவில்லை. தமிழுக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தந்துவிட்டதாகவே எண்ணி மகிழ்கின்றனர். பெற்ற தாய்க்குத் திண்ணையில் ஒரு மூலையைக் காட்டிவிட்டு, உள்ளறைத் திறவுகோல்களை அயலானிடம் கொடுத்த பெருந்தன்மை இது! இப் பங்கீட்டால் தமிழன் இழப்பது தன் மொழியின் மதிப்பை மட்டுமன்று. உலகைப் பார்க்கும் தன் கண்ணையே அவன் இழக்கின்றான் என்பதை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

மாந்தன் உலகை முகத்திலுள்ள இரு கண்களால் மட்டும் காண்பதில்லை. எதனைப் போற்றுவது, எதற்கு இரங்குவது என்று அவனுக்குக் கற்பிப்பது இலக்கியம். எது எதனால் நிகழ்கின்றது என்று விளக்குவது அறிவியல். எதற்கு என்ன விலை, எவருக்கு என்ன பங்கு என்று கணக்கிடுவது பொருளியல். இம்மூன்றும் ஒருங்கு கூடிய பார்வையே ஓரினத்தின் நோக்கு. இவற்றுள் இரண்டை அயலான் மொழியினும் அயலான் கணக்கினும் அடகு வைத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் நமதென்று கொண்டாடுவோமாயின், அம்மூன்றாவதும் நெடுநாள் நம்மிடம் நில்லாது. வாழ்வை விளக்காத இலக்கியம் மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் சுமையாகிவிடும்.

நம் முன்னோர் இம்மூன்றையும் பிரித்தாரல்லர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத் திறந்து பாருங்கள். காதலைப் பாடப் புகுந்த புலவனை நோக்கி, முதலில் நிலத்தையும் பொழுதையும் அறிந்துகொள் என்கின்றது அந்நூல், அது முதற்பொருள். அடுத்து, அந்நிலத்து மக்கள் எதனை உண்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர், அங்கே எவ்வகை மரமும் விலங்கும் பறவையும் உள்ளன என்று அறியச் சொல்கின்றது, அது கருப்பொருள். அதன் பின்னரே கூடலும் பிரிதலும் ஊடலுமாகிய உரிப்பொருள். முதற்பொருளில் அறிவியல் இருக்கின்றது; கருப்பொருளிற் பொருளியல் இருக்கின்றது; உரிப்பொருளில் இலக்கியம் இருக்கின்றது. நிலத்தையும் தொழிலையும் அறியாதவனுக்குப் பாடும் உரிமையில்லை என்று இலக்கணம் வகுத்த இனத்தைப் பார்த்து, ‘உன் மொழி பாட்டுக்கு மட்டுமே உதவும்’ என்கின்றனர். இதனினும் பெரிய அறியாமை உண்டோ?

இதனை ஒரூரின் மேல் வைத்துக் காண்போம். சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில் ஆனி ஆடித் திங்கள்களில் நின்று பாருங்கள். மேற்கேயிருந்து காற்று வீசும், புழுதி எழும், வானில் முகில் ஓடும், மழை மட்டும் பெய்யாது. இக்காற்றுக்குத் தமிழன் இட்ட பெயர் ‘கோடை’. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. முகில் கொண்டு வருவது கொண்டல். வறட்சி கொண்டு வருவது கோடை. பெயரிட்டபோதே இயல்பையும் கண்டிருக்கின்றனர். ஏன் இவ்வறட்சி? கடலினின்று ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மேற்குமலைத் தொடரில் ஏறிக் குளிர்ந்து, தன் நீரையெல்லாம் சேரநாட்டுப் பக்கம் பெய்துவிட்டுக் கிழக்குச் சரிவில் உலர்ந்து இறங்குகின்றது. செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய குற்றாலத்திற்குச் சாரல் கிடைக்கின்றது. தொலைவிலுள்ள நமக்குக் காற்று மட்டுமே மிஞ்சுகின்றது. நம் நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வானம் பார்த்துக் கிடப்பதன் கரணியம் இது. அதே காற்று இன்று இப்பகுதியிற் காற்றாலைகளைச் சுழற்றி மின்னாற்றல் ஆகின்றது, பணமும் ஆகின்றது.

காற்று ஒன்றே. அதன் பெயர் இலக்கியத்தில். அதன் இயக்கம் அறிவியலில். அதன் வருவாய் பொருளியலில். ஆயின் நம் மாணவன் நிலை யாது? தமிழ் வகுப்பில் ஐந்திணையை எழுதி ஐந்து மதிப்பெண் பெறுகின்றான். தான் நிற்கும் நிலம் எத்திணையென்று கேட்டால் விழிக்கின்றான். முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வளங் கெட்டால் பாலையாகத் திரியும் என்று இளங்கோவடிகள் காட்டிய உண்மையைப் படிக்கின்றான். தன் ஊர்க் குளம் தூர்ந்துவருவதோடு அதனை இணைத்துப் பார்க்க அவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஆங்கில வகுப்பிற் காற்றோட்டத்தைப் பொருள் தெரியாமல் உருப்போடுகின்றான். காற்றாலையின் வருவாய் எவருக்குச் செல்கின்றது என்ற வினாவோ எந்த வகுப்பிலும் எழுவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு அணுக்கமாகப் பள்ளியிற் பயிற்றும் யாம் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. அவன் மடையன் அல்லன். அவன் கண்ணை மூன்றாக வெட்டி மூன்று அறைகளில் வைத்துவிட்டோம்.

பொருளியற் கண்ணை இரவல் வாங்கியதால் வந்த கேட்டையும் காண்க. நெல்லைச் சீமைக் கரிசலில் விளைந்த பருத்தி கருங்கண்ணி. மழை குறைந்தாலும் தாங்கும்; பூச்சிக்கும் எளிதிற் சாயாது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது, இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு வரத்து அறுந்தது. உடனே இந்தியப் பஞ்சின் விலை வானளாவ ஏறிற்று. போர் ஓய்ந்ததும் விழுந்தது. இங்குள்ள உழவன் அதற்காகப் போரும் தொடுக்கவில்லை; போரை நிறுத்தவும் இல்லை. அவன் வீட்டு உலைக்கு அரிசியுண்டா இல்லையா என்பதைக் கடலுக்கு அப்பாலுள்ள சந்தை முடிவு செய்தது. அம்மட்டோ? அவர்தம் எந்திரத்திற்கு நீண்ட இழை வேண்டியிருந்தமையால், நம் பஞ்சு ‘குட்டை இழை’, ‘தாழ்ந்த தரம்’ என்று முத்திரை பெற்றது. எந்திரத்திற்குப் பொருந்தாமை பருத்தியின் குற்றமாயிற்று! மண்ணுக்குப் பொருந்துமா என்னும் வினாவை அக்கணக்கு கேட்கவேயில்லை. 2002-ஆம் ஆண்டில் மரபணு மாற்றுப் பருத்தி இந்நாட்டிற்குள் நுழைந்த பின்னர், ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்குபவனாக உழவன் ஆனான். தன் பருத்தியைத் தாழ்ந்தது என்று அவனே நம்பத் தொடங்கிய நாளிலேயே இதற்குக் கதவு திறந்துவிட்டது.

மாற்றுக் கண் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. தஞ்சையிற் பிறந்த சே. சி. குமரப்பா, சிறையிலிருந்தபோதே நிலைத்த பொருளியலைப் பற்றி நூலெழுதினார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் வளம் வேறு, இயற்கை ஓயாது ஊட்டும் வளம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஊர்க்குளத்தைக் கண்ட எந்தத் தமிழ் உழவனுக்கும் விளங்கக்கூடிய உண்மை அது. ஆயின் அத்தமிழர் அதனை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தது. எவர்க்கு வேண்டுமோ அவர்க்கு எட்டாத மொழியில் அறிவைப் பூட்டிவைக்கும் அமைப்பின் கொடுமையை என்னென்பது!

‘அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியுமா?’ என்று இன்னும் கேட்கின்றனர். இவ்வினாவுக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். அயலானுக்கு முடிந்தது, தமிழனுக்கு முடியாதாம்! நம் நெல்லையில் 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் அரும்பாட்டாலும் விபுலாநந்த அடிகள் முதலிய அறிஞர் துணையாலும், 1938-இற் கலைச்சொற்களை நூலாகவே வெளியிட்டது. 1940-இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சொற்களைப் புகுத்த முனைந்தபோது தமிழறிஞர் திரண்டு எதிர்த்தனர். அப்போராட்டம் வெறும் சொற்பூசல் அன்று. ‘பிராணவாயு’ என்றால் குழந்தைக்கு ஒன்றும் தோன்றாது. ‘உயிர்வளி’ என்றால் உயிரும் வளியும் தோன்றும். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லிலேயே பாதிப் பாடம் அடங்கிவிட்டது. ‘நாளமில்லாச் சுரப்பி’ என்பது பெயரா, விளக்கமா? இரண்டுமே! விளங்கும் சொல்லாற் கற்றவன் வினா எழுப்புவான்; விளங்காச் சொல்லாற் கற்றவன் ஒப்பிக்கவே செய்வான்.

‘ஆங்கிலமின்றி உலகில் தலையெடுக்க முடியாது’ என்போர், 2008-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சப்பானியர் தோசிகிதே மசுகாவாவை நினைத்துப் பார்க்கட்டும். அவர் அப்பரிசுக்குரிய சொற்பொழிவைத் தம் தாய்மொழியிலேயே ஆற்றினார். உலகம் அவரைத் தேடிச்சென்றது. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை யாம் தடுக்கவில்லை. அயலூர் செல்ல வண்டி வேண்டும். அதற்காக வண்டியிலேயே குடியிருப்பார் உண்டோ?

இனி, நம்மவர்க்கும் ஒரு சொல். பிறசொல்லைக் களைந்து தமிழ்ச்சொல்லை இட்டுவிட்டால் நம் கடன் முடிந்தது என்று இருப்போர் நம்மிடையே உளர். ‘புறம்போக்கு’ என்னும் சொல்லை நோக்குக. தூய தமிழ்ச்சொல், ஒலியிற் குற்றமில்லை. ஆயின் அதனுள் இருக்கும் கண் எவனுடையது? வரி தராத நிலமெல்லாம் வருவாய்க் கணக்குக்குப் புறம்பானது என்பது அதன் பொருள். ஊருக்கு நீர் தரும் குளமும், ஆடுமாடு மேயும் நிலமும், ஓடையும், நடைபாதையும் அக்கணக்கிற் புறம்போக்கு. ஊரார் அனைவர்க்கும் பயன்பட்டதே அதன் குற்றம்! பின்னர் அது பயனற்றவனைத் திட்டும் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. குளம் எளிதில் வளைக்கப்படுவதற்கும் மேய்ச்சல் நிலம் மறைவதற்கும் இந்நோக்கு துணை செய்யவில்லையா? சொல் தமிழ், நோக்கு தண்டலதிகாரியுடையது. சங்கரன்கோவில் மண்ணில் 1902-இற் பிறந்து, 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை சொல்லின் வேரையே அகழ்ந்த மொழிஞாயிறு பாவாணர் வழிவந்தோர் நாம். வேரைக் காணாமல் இலையை மட்டும் துடைப்பது அவர் வழியாகாது.

ஆகவே தமிழாசிரியர்களே, இளைஞர்களே! ஊர்தோறும் உழவரிடமும் நெசவாளரிடமும் மழைக்கும் மண்ணுக்கும் விதைக்கும் தறிக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டுங்கள், அவை அழிந்துவருகின்றன. உங்கள் ஊர்க்குளத்தின் பரப்பையும், மடைகளையும், பாசன நிலத்தையும், வளைக்கப்பட்ட பகுதியையும் அளந்து தமிழில் எழுதி, ஊரவையிற் படித்துக் காட்டுங்கள். ஐந்திணை கற்பிக்கும் நாளில் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, ‘இது எந்நிலம்? இங்கு ஏன் மழை குறைவு? இதன் விளைவு எவரிடம் போய்ச் சேர்கின்றது?’ என்று மூன்று வினாக்களையும் ஒருசேரக் கேளுங்கள். அறிவியலாரும் பொருளியலாரும் தமிழில் எழுதட்டும். தமிழ்ப்புலவர் அறிவியலும் பொருளியலும் கற்கட்டும்.

நிலத்தை ஒருவன் படையால் கவர்ந்தால் பிறிதொரு நாள் மீட்கலாம். நிலத்தைப் பார்க்கும் கண்ணையே கவர்ந்துவிட்டால், இழந்தது இன்னதென்பதே இழந்தவனுக்குத் தெரியாது. அந்நிலை முற்றுமுன் விழித்துக்கொள்வோம். நம் நிலத்தை நம் மொழியிற் காண்போம். நம் கணக்கை நாமே எழுதுவோம்.