பழைய தொட்டியை மாற்றினால் பாரம்பரியம் போய்விடுமா?



தாத்தா ஓட்டிய கப்சாய் மோட்டார் சைக்கிளைப் போற்றிப் பாதுகாப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். பாராட்டத்தக்க பண்பு அது. ஆனால், எல்லாப் பாகங்களும் அசலாகவே இருக்க வேண்டும் என்னும் பிடிவாதத்தால், துருப்பிடித்து ஓட்டை விழுந்த பெட்ரோல் தொட்டியையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவது முறையா? முறையன்று என்பதே என் கருத்து.

ஹோண்டா 'சூப்பர் கப்' 1958ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதனை நம் நாட்டில் பரப்பியவர் பினாங்கு வணிகர் டான் ஸ்ரீ லோ பூன் சியூ. மோட்டார் பட்டறையில் வேலை பழகி உயர்ந்தவர். 2017ஆம் ஆண்டில் இவ்வகை வண்டியின் உலக உற்பத்தி 10 கோடியை எட்டியது. பினாங்கு மக்களுக்கு இவ்வண்டி மீது தனிப்பாசம் இருப்பதில் வியப்பில்லை.

இவ்வண்டியில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. தொட்டி கசிந்தால், சூடான இயந்திரத்தின் மேலேயே பெட்ரோல் சொட்டக்கூடும். பின்னால் அமர்ந்திருப்பதோ புத்தகப்பையைச் சுமந்த நம் பிள்ளை!

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். நம் தீவின் ஈரக்காற்றில் இரண்டும் தாராளம். வண்டியைப் பாதித் தொட்டி பெட்ரோலுடன் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், காலியான பகுதியில் ஈரம் படிந்து உட்புறம் துருவேறும். துருத்துகள் கார்புரேட்டரை அடைக்கும். வண்டி நடுவழியில் நின்றுவிடும். மேலோட்டமான துருவென்றால் கழுவி, உட்பூச்சு பூசிக் காப்பாற்றலாம். தகடே மெலிந்துவிட்டால் எந்தப் பூச்சும் நிலைக்காது.

அதைவிடக் கொடியது, பழைய தொட்டியைப் பற்றவைத்து அடைப்பது. 'பெட்ரோலை ஊற்றிவிட்டோம், தொட்டி காலிதானே' என்பர். நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டியே ஆபத்தானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றுடன் கலந்திருக்கும். ஒரு தீப்பொறி போதும், தொட்டி வெடித்துவிடும். வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் செய்யும் வேலையன்று இது.

'புதுத் தொட்டி பொருத்தினால் வண்டியின் பழமை கெட்டுவிடாதா?' எனச் சிலர் கேட்பர். லெபோ குயின் மகாமாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டில் எழுந்தது. வண்ணம் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்துவதால் ஆலயத்தின் தொன்மை குறைந்ததா? ஜோர்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய கடைவீடுகளிலும் உடைந்த ஓடுகளை மாற்றத்தான் செய்கிறார்கள். பழுதானதை உரிய முறையில் புதுப்பிப்பதே பாதுகாத்தல். புதுப்பித்தலும் நம் மரபுதான்.

ஆகவே, பெற்றோர்களே, வண்டியில் பெட்ரோல் வாடை வீசினால் அன்றே பட்டறையில் காட்டுங்கள். அதே மாதிரிக்குரிய தொட்டியையே வாங்குங்கள். மூடியின் காற்றுத்துளை அடைபடாமல் இருக்கிறதா எனப் பாருங்கள். பழைய ரப்பர்க் குழாயையும் வடிகட்டியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அவற்றிற்கு ஆகும் செலவு சொற்பமே. கழற்றிய தொட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டுமிடத்தில் போட்டுவைக்காதீர்கள்.

ஆசிரியர்களே, துருப்பிடித்தல் பாடத்தை ஆணியோடு நிறுத்திவிடாதீர்கள். 'உங்கள் வீட்டு வண்டியில் எங்கெங்கு துரு இருக்கிறது?' என்று கேட்டு அனுப்புங்கள். மாணவன் அப்பாவிடம் கேட்கும் அந்த ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.