சுழல் நிதி வேணுமா? ஒரு ராத்திரியில் எழுதிய நோட்டு உதவாது!

தேனி மாவட்டம் தேவாரம், போடி பக்கம் விடியும் முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் கேரள எல்லை தாண்டிப் போகும் பெண்கள், வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். இவர்களுடைய மகளிர் சுய உதவிக் குழு சுழல் நிதி கேட்டால், பேப்பர்களை எப்போ ரெடி பண்ணுவது?

சுழல் நிதின்னா என்ன?

2011-ல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் கிராமக் குழுக்களுக்குத் தரும் மானியம் இது. ஆரம்பத்தில் ஒரு குழுவுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் வரை. பிறகு வரம்பு உயர்த்தப்பட்டது. இது கடன் இல்லை. குழுவிலேயே தங்கி, உறுப்பினர்களுக்குள் சுழலும் பணம். அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்க இதுதான் முதல் கைப்பிடி.

எதைப் பார்த்துத் தருகிறார்கள்?

ஐந்து விஷயங்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சரியான திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கு. இதற்குச் சாட்சி தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்பு-கடன் பேரேடு, வங்கி பாஸ்புக்.

அதிகாரி வருகிறார் என்றதும் ஆறு மாத நோட்டை ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில் எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பாஸ்புக் தேதியும் பேரேட்டுத் தேதியும் ஒத்துப்போகாது. கூட்டம் முடிந்த கையோடு எழுதி, கையெழுத்து வாங்கி, பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்தால் போதும். தனியாக 'ஆவணம் தயாரிக்க' வேண்டியதே இல்லை.

சுமை யார் தலையில்?

பெரும்பாலும் எழுதத் தெரிந்த ஒரே அக்கா தலையில். அவர் ஊர் மாறினால் கணக்கும் நின்றுவிடும். எனவே இன்னொருவரையும் பழக்குவது குழுவின் கடமை.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. கூட்டம் நடக்கும் மாலை நேரத்தில் அதிகாரியே வந்து புத்தகங்களைச் சரிபார்க்கலாமே? நேர்மையான கணக்கைக் கேட்கும் அரசு, அதைக் காட்டுவதற்குக் கூலியை இழக்கச் சொல்வது நியாயமில்லை.