நெல் விளையும் ஊரில் பாண்

சென்ற கிழமை நமது வகுப்பு மாணவரிடம் ஒரு சிறு வினாவைத் தொடுத்தோம். “இன்று காலையில் நீங்கள் உண்டது என்ன?” பெரும்பாலோர் பாண் என்றனர். சிலர் நூடில்ஸ் என்றனர். வேறு சிலர் தேநீரும் பிசுக்கோத்தும் என்றனர். அரிசிமாப் புட்டு உண்டு வந்தோர் மூவரே. இவர்களுட் பலர் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை உழுவோரின் பிள்ளைகள்!

அமெரிக்கரின் உணவுப் பழக்கத்தைக் குறித்து நாம் நகைப்பதுண்டு. உணவுப் பொதிகளிலே சத்துக்களின் அளவை அச்சிட வேண்டுமென்று 1990 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு அது. ஆயினும், அங்கே வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் மிகையான உடற்பருமன் உடையோர். கொழுப்பை அஞ்சிக் கொழுப்பு நீக்கிய பண்டங்களை நாடினர்; அவற்றுட் பலவற்றில் சுவைக்காகச் சீனி சேர்க்கப்பட்டிருந்தது. மெலிவதற்குப் பணம் செலவிடும் அந்நாட்டிலேயே உணவில் மூன்றிலொரு பங்கு வீணாகிறதென அரசாங்கமே கணக்கிட்டுள்ளது. அறிவு வளர வளர உணவைப் பற்றிய அச்சமும் வளர்ந்தது. உண்ணும் முறையோ திருந்தவில்லை.

நகைத்தது போதும். நமது அடுக்களையை எட்டிப் பார்ப்போம்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது கடல் கடந்து வந்து, திருகோணமலையிலும் கொழும்பிலும் மாவாகி, கண்டி வீதி வழியே வன்னிக்கு ஏறி வருகிறது. அதே வீதியால் நமது நெல் வெளியே போகிறது. வெளியே போகாத நெல்லையும் வெள்ளை வெளேரெனத் தீட்டினாற்றான் நமக்கு மனம் நிறைகிறது. 1890 களில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், யாவாத் தீவிலே, தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அவ்வாராய்ச்சிக்காக 1929 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நாமோ தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, அதிலுள்ள சத்தைக் குளிசையாக வாங்கி விழுங்குகிறோம்.

குரக்கனின் கதையும் இதுவே. சேனைக்காரன் உணவென்று அதனை ஒதுக்கினோம். நீரிழிவு வந்து, வைத்தியர் சொன்ன பின்னர், அதே குரக்கன் மாவை வண்ணப் பொதியிலே கூடிய விலைக்கு வாங்குகிறோம். குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி 2016 இல் நடைமுறைக்கு வந்தது. கலியாண வீடுகளில் அச்சிவப்புக் குறியைப் பார்த்தபடியே பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறோம்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சற்றுச் சூடாகவே எடுத்துரைத்தோம். அப்பொழுது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், வீட்டிலே நெல் மூட்டை இருக்கிறது. அம்மா விடிய ஐந்தரைக்கே ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸுக்குப் போய்விடுவார். புட்டு அவிக்க ஆர் இருக்கிறார்கள்?” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. நாமும் வாயடைத்து நின்றோம்.

அவன் கேட்டது நியாயமன்றோ? அந்தத் தாய் பாண் வாங்குவது நாகரிக மோகத்தால் அன்று, நேரமின்மையால். பழைய உணவின் பெருமையைப் பேசும் ஆடவராகிய நாம், அதனை ஆக்கும் உழைப்பு முழுவதையும் பெண்கள் தலையிலேயே சுமத்தியிருந்தோம். நம்மிடமுள்ள முரண்பாடுகளுட் பெரியது இதுவே போலும்.

2009 ஆம் ஆண்டின் அந்த மாதங்களில், கஞ்சிக்காக நீண்ட வரிசையில் நின்றவருள் நாமும் ஒருவர். சிறிது அரிசி, நிறைய நீர், உப்பு, அவ்வளவே. அன்று அக்கஞ்சி வெள்ளரிசியா சிவப்பரிசியா என்று எவரும் கேட்கவில்லை. அவ்வரிசையில் நின்ற கைகளே இன்று பந்தியில் பாதிச் சோற்றை இலையோடு மடித்து எறிகின்றன. இதனை எழுதும் கையும் அக்குற்றத்துக்கு விலக்கன்று.

பாணை வெறுக்கும்படி நாம் எவருக்கும் சொல்லவில்லை. மாணவர்களே, முதனாள் இரவிலே மாவை வறுத்து வைக்கவும், தேங்காய் துருவவும் உங்கள் கைகளுக்கும் இயலும். தந்தையரே, அடுப்பங்கரை உங்களுக்கும் அந்நியமன்று. தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புதுநெற் சோற்றைக் குடும்பமாக இருந்து உண்பது நமது வழக்கம். அந்தப் பரிவை ஆண்டில் ஒரு நாளுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பானேன்?

சென்ற ஞாயிறன்று நாம் முதன்முறையாகப் புட்டுக் குழைத்தோம். கட்டியாகப் போயிற்று. வீட்டார் சிரித்துக்கொண்டே உண்டனர். எவரும் மிச்சம் வைக்கவில்லை.